யூஎஸ்பி டாக்: கேஜ் முள் அசையவில்லை, லேப்டாப்பில் மட்டும் பிரஷர் மெதுவாக ஏறி இறங்குகிறது

மோனோபிளாக்_கோவை:

வணக்கம். இங்கே ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். இதுவரை கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் வழக்கம். இப்போது முதலாளிக்கு ரீடிங் எல்லாம் நேராக எக்ஸெலில் விழ வேண்டும், அதற்காக, சென்சர் வோல்ட்டை அளந்து யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டாக் பெட்டி, என்ஐ யூஎஸ்பி-6009 ஒன்று வாங்கிக் கொடுத்து, "நீதான் கம்ப்யூட்டர் தெரிந்தவன், பார்த்து முடி" என்று சொல்லிவிட்டார்.

செட்டப் இதுதான். டெலிவரி லைனில் 0 முதல் 10 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், இரண்டு ஒயர், 4–20 மில்லிஆம்ப். சப்ளை 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ். டிரான்ஸ்மிட்டர் மைனஸுக்கும் எஸ்எம்பிஎஸ் மைனஸுக்கும் நடுவில் 250 ஓம் ரெசிஸ்டர், அதன் மேல்முனை டாக்கின் ஏஐ0 என்ற அனலாக் இன்புட்டுக்கு, கீழ்முனை கிரவுண்டுக்கு. ஆக 1 வோல்ட் என்றால் 0 பார், 5 வோல்ட் என்றால் 10 பார். டிரைவர் போட்டாயிற்று, என்ஐயின் மேக்ஸ் சாஃப்ட்வேரில் டெவ்1 என்று வருகிறது, பச்சை லைட்டும் மின்னுகிறது. பைத்தானில் ஆர்எஸ்இ மோடில் (இன்புட்டைக் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளப்பது), கார்டின் சொந்த கிளாக்கில், விநாடிக்கு 10 சாம்பிள் எடுக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், பம்ப் ஒரே வால்வ் நிலையில் ஓடும்போது கேஜ் முள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, ஆனால் கிராஃபில் பிரஷர் அழகாக, வழவழவென்று, 0.15 பார் அளவுக்கு ஏறி இறங்குகிறது. ஒரு சுற்று ஏறி இறங்கச் சில நேரம் 20 செகண்ட், சில நேரம் ஒரு நிமிஷத்துக்கு மேல். மதியம் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. டிரான்ஸ்மிட்டரை மாற்றியும் பார்த்தாயிற்று, அதே கதைதான். சக்ஷனில் காற்று இழுக்கிறது என்று ஃபிட்டர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்படியே இன்னும் இரண்டு கேள்வி: ஃப்ளோ மீட்டரிலிருந்து பல்ஸ் வருகிறது, அதைப் பிஎஃப்ஐ0-வில் (கார்டின் பல்ஸ் எண்ணும் பின்) நேராகக் கொடுக்கலாமா? பேரிங் சூட்டுக்கு ஒரு கே டைப் தெர்மோகப்பிள் கிடக்கிறது, அதை இதே பெட்டியில் மாட்ட முடியுமா?

எர்த்பிட்:

நாய்ஸ்தான் ப்ரோ. பக்கத்தில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். 1 கிலோ ஓம் சீரிஸில் போட்டு, ஏஐ0-வுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போடுங்கள், 16 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் குறைந்துவிடும். லேப்டாப் சார்ஜர் மூன்று பின் என்றால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

அரைஹெர்ட்ஸ்:

நாய்ஸ் என்பது சரி, ஆனால் எந்த நாய்ஸ் என்று தெரிந்துகொண்டு கபாசிட்டர் வாங்கப் போகலாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: வழவழவென்ற அலை, நேரத்துக்கு நேரம் வேகம் மாறுகிறது, சாம்பிள் விநாடிக்கு 10.

கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 10 முறை மட்டும் எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்த 50 ஹெர்ட்ஸ் அலை சரியாக 5 சுற்று முடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கும். ஆக ஹம் (ஒயரில் கலந்த 50 ஹெர்ட்ஸ் நாய்ஸ்) இருப்பதே தெரியாது, ரீடிங் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கிரிட் என்றைக்கும் அச்சாக 50-ல் நிற்பதில்லை. நம் நாட்டு கிரிட் விதியில் அனுமதித்த வரம்பே 49.90 முதல் 50.05 வரை. 49.95-ல் ஓடும்போது, ஒவ்வொரு சாம்பிளிலும் அலை ஒரு துளி பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கல் சேர்ந்து சேர்ந்து உங்கள் கிராஃபில் 0.05 ஹெர்ட்ஸ் அலையாக, அதாவது 20 செகண்டுக்கு ஒரு சுற்றாக விழும். 49.98 என்றால் 50 செகண்டுக்கு ஒரு சுற்று. மதியமும் சாயங்காலமும் வேறுபடுவது அதனால்தான், நீங்கள் பம்ப் பிரஷரை வரையவில்லை, கிரிட் ஃப்ரீக்வென்சியை வரைந்துகொண்டிருக்கிறீர்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடும் ஃபேன் இறக்கை சில சமயம் மெதுவாகப் பின்னால் சுற்றுவது போல் தெரியுமே, அதே சமாச்சாரம். இதற்கு அலியாசிங் என்று பெயர்.

இந்த விலையில் வரும் டாக்குகளில் பெரும்பாலும் இதைத் தடுக்கும் ஃபில்டர் உள்ளே இருக்காது, 6009-லும் கிடையாது. அது நம் வேலை.

ஃபிட்டர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் உங்கள் மோட்டார் 2 போல் என்றால் ஸ்லிப் போக 2880 ஆர்பிஎம் பக்கம் ஓடும், அதாவது விநாடிக்கு 48 சுற்று. இம்பெல்லர் ஆட்டத்தால் பிரஷரில் நிஜமாகவே துடிப்பு இருந்தால், 10 சாம்பிளில் அது 2 ஹெர்ட்ஸாகத் தெரிய வேண்டும், செகண்டுக்கு இரண்டு முறை. 20 செகண்டுக்கு ஒரு முறை வராது. காற்று இழுத்தால் இவ்வளவு ஒழுங்கான அலை வரவே வராது, கன்னாபின்னாவென்று குதிக்கும், கேஜ் முள்ளும் சேர்ந்து ஆடும்.

நம்பாவிட்டால் சாம்பிளை 1000-க்கு ஏற்றி, 100 மில்லிசெகண்ட் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து சைன் அலை வரிசையாக நின்றால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் 10 ரீடிங்தான் வேண்டும் என்றால், 1000-ல் எடுத்து 100, 100 சாம்பிளாகச் சராசரி போடுங்கள். 100 சாம்பிள் என்பது 0.1 செகண்ட், அதற்குள் மெயின்ஸ் ஐந்து முழுச் சுற்று வருவதால் மேலும் கீழும் தானாகவே கழிந்துவிடும். 90 சாம்பிள், 128 சாம்பிள் என்று போட்டால் முழுசாகக் கழியாது. 20 மில்லிசெகண்டின் மடங்காக இருக்க வேண்டும், அது முக்கியம். வேகத்துக்குப் பஞ்சமில்லை, 6009 மொத்தமாக விநாடிக்கு 48,000 எடுக்கும். அது எல்லாச் சேனலுக்கும் சேர்த்து என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழையலேப்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. எர்த்பிட் தம்பி, உங்கள் ஃபில்டரில் ஒரு சிக்கல். 6009-ன் இன்புட் இம்பீடன்ஸ் (இன்புட்டுக்குள் இருக்கும் தடை) வெறும் 144 கிலோ ஓம், பெரிய கார்டுகள் மாதிரி கிகா ஓம் கிடையாது. 1 கிலோ ஓம் சீரிஸில் போட்டால் 0.7 சதவீதம் ரீடிங் அங்கேயே போய்விடும். பம்ப் டெஸ்டுக்கு அது சின்ன எண் இல்லை.

இது கரண்ட் லூப் என்பதால் சீரிஸ் ரெசிஸ்டரே தேவையில்லை. இருக்கிற 250 ஓமுக்கு நேர் குறுக்கே 47 மைக்ரோஃபாரட் போட்டாலே 13.5 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஆகிவிடும், லூப்பில் வரும் 50 ஹெர்ட்ஸ் கால்பங்குக்குக் குறையும். எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டவும். வால்வை டப்பென்று மூடி வாட்டர் ஹாமர் பார்க்கிற டெஸ்ட் இருந்தால் அப்போது இந்தக் கபாசிட்டரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உச்சம் மழுங்கிவிடும்.

ரெசிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. கடையில் 250 என்று கேட்டால் பெரும்பாலும் 249-தான் கையில் வரும், அதுவே 0.4 சதவீதம். நல்ல மீட்டரில் அளந்து, வருகிற மதிப்பை அப்படியே புரோகிராமில் போடுங்கள். உள்ளே ஓடுவது அதிகபட்சம் 0.1 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். ஆனால் சூட்டில் மதிப்பு அதிகம் நகராத மெட்டல் ஃபிலிம் வாங்கவும்.

மோனோபிளாக்_கோவை:

சார், 1000-ல் போட்டுப் பார்த்தேன். அப்படியே ஐந்து அலை, டெக்ஸ்ட்புக் படம் மாதிரி! ஃபிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் முக்கால்வாசி போய்விடுகிறது, 100 சாம்பிள் சராசரி போட்டால் மிச்சமும் காணோம். சார்ஜரின் எர்த் பின் வழியாகத்தான் வருகிறது போல. ஒரு இரண்டு பின் அடாப்டர் போட்டுவிட்டால் முடிந்ததா?

அப்புறம் புதிதாக ஒன்று. ஒயரிங்கை ஒதுக்கிக் கட்டும்போது எதையோ இழுத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன், இப்போது பம்ப் நின்று, லைனில் தண்ணீரே இல்லாதபோதும் 1 பார் காட்டுகிறது. அசையாமல் 1.0.

பழையலேப்:

எர்த் பின்னில் கை வைக்காதீர்கள். தண்ணீர் தெளிக்கிற டெஸ்ட் பே, ஈரத் தரை, த்ரீ ஃபேஸ் மோட்டார் பக்கத்தில். ரீடிங் சுத்தமாக வர வேண்டும் என்று எர்த்தைக் கழற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நடப்பது இதுதான்: எஸ்எம்பிஎஸ் மைனஸ் ஒரு இடத்தில் எர்த்தைத் தொடுகிறது, லேப்டாப் சார்ஜர் இன்னொரு இடத்தில் தொடுகிறது, இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள சின்ன வித்தியாசம் உங்கள் கிரவுண்டு ஒயர் வழியாக ஓடுகிறது. எர்த்தைத் தொடாமல், யூஎஸ்பி பக்கத்தில் இந்த மின்தொடர்பைத் துண்டியுங்கள். ஏடியூஎம்4160 சிப் போட்ட யூஎஸ்பி ஐசொலேட்டர் கிடைக்கும். அது 12 மெகாபிட் ஃபுல் ஸ்பீட் வரைதான் போகும், 6009-ம் ஃபுல் ஸ்பீட்தான் என்பதால் பொருந்தும். அதற்கு முன்னால் காசில்லாத வேலை ஒன்று: ஆர்எஸ்இ-யை விட்டு டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் மோடுக்கு, மாறுங்கள். ரெசிஸ்டரின் மேல்முனை ஏஐ0, கீழ்முனை ஏஐ4, அதாவது 2, 3-ம் டெர்மினல். கீழ்முனையில் இருக்கும் ஆட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதால் பெரும்பாலும் கழிந்துவிடும். கிரவுண்டைப் பொறுத்து இரண்டு முனையும் ±10 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், உங்கள் ரெசிஸ்டர் மைனஸ் பக்கம் இருப்பதால் பிரச்சினை இல்லை. பிளஸ் பக்கம் போட்டிருந்தால் 24 வோல்ட் நேராக இன்புட்டில் ஏறியிருக்கும்.

அந்த 1 பார் விஷயம். ஏஐ0 ஒயர் டெர்மினலிலிருந்து கழன்றிருக்கிறது, ஸ்குரூவைப் போய்ப் பாருங்கள். 6009-ல் எதுவும் மாட்டாத இன்புட் 0 காட்டாது. உள்ளே 2.5 வோல்ட் ரெஃபரன்ஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாக இழுத்து வைத்திருப்பதால் 1.4 வோல்ட் பக்கம் நிற்கும். 1.4-ல் 1 போனால் 0.4, நாலில் 0.4 பத்தில் ஒரு பங்கு, உங்கள் 10 பார் ஸ்கேலில் அது கச்சிதமாக 1 பார். 4 மில்லிஆம்பில் தொடங்குவதற்கு ஒரு காரணம், லூப் அறுந்தால் 0 வோல்ட் காட்டி மாட்டிக்கொள்ளும் என்பது. ஆனால் ரெசிஸ்டருக்கும் டாக்குக்கும் நடுவில் அறுந்தால் இந்தக் கார்டில் அது பேசாமல் நம்பும்படியான ஒரு ரீடிங் கொடுத்துவிடும். அதனால் தினமும் முதல் பம்ப் ஏற்றும் முன் லைனைத் திறந்துவிட்டு 1.00 வோல்ட் வருகிறதா என்று ஒரு பார்வை.

அரைஹெர்ட்ஸ்:

டிஃபரன்ஷியலுக்கு மாறும்போது ஒயரை மட்டும் மாற்றினால் போதாது, பைத்தானில் டெர்மினல் கான்ஃபிகரேஷனையும் சேர்த்து மாற்றுங்கள். ஒயர் ஒன்று, புரோகிராம் ஒன்று என்று இருந்தாலும் எரர் வராது, தப்பான எண்தான் வரும். மேக்ஸில் டெஸ்ட் பேனலைத் திறந்து, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சேனலில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சென்சரை மாட்டினால் பாதித் தலைவலி குறையும்.

தெர்மோகப்பிள் நேராக வேண்டாம். கே டைப் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் கொடுக்கும். 6009-ஐ ±1 வோல்ட் ரேஞ்சில் வைத்தாலும் 14 பிட்டில் ஒரு படி 122 மைக்ரோவோல்ட், ஆக மூன்று டிகிரிக்கு ஒரு படி, அதிலும் கோல்டு ஜங்ஷன் (தெர்மோகப்பிள் ஒயர் கார்டில் சேரும் இடத்தின் சூடு) கணக்கு தனி. ஏடி8495 போர்டு ஒன்று நடுவில் போட்டால் டிகிரிக்கு 5 மில்லிவோல்ட் வரும், கோல்டு ஜங்ஷனையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் எல்எம்35 ஒன்றை பேரிங் ஹவுசிங்கில் ஒட்டிவிடுங்கள், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், உங்கள் வேலைக்குத் தாராளம்.

எர்த்பிட்:

144 கிலோ ஓம் விஷயம் நல்ல தகவல் அண்ணே, நன்றி.

ஃப்ளோ மீட்டர் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ப்ரோ, பல்ஸ் 24 வோல்ட் என்றால் பிஎஃப்ஐ0-வில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள், அது 5 வோல்ட் ஆசாமி, பின் போய்விடும். மீட்டர் மேனுவலில் என்பிஎன் ஓபன் கலெக்டர் (தானாக வோல்ட் கொடுக்காமல், ஒயரைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச் மாதிரி) என்று போட்டிருந்தால் நேராக பிஎஃப்ஐ0-வுக்கும் கிரவுண்டுக்கும் மாட்டலாம், ஒயரை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. 24 வோல்ட் பல்ஸாகவே வந்தால் பிசி817 ஆப்டோ (ஒளி வழியாகப் பல்ஸைக் கடத்தும் சிப்) ஒன்று, முன்னால் 2.2 கிலோ ஓம், 10 மில்லிஆம்ப் பக்கம் ஓடும். இந்தக் கார்டின் கவுண்டர் பல்ஸ் இறங்கும் விளிம்பை எண்ண மட்டும்தான் செய்யும், ஃப்ரீக்வென்சி கொடுக்காது. செகண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் படித்து முந்தையதைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ராத்திரி முழுக்க எண்டியூரன்ஸ் ஓட்டுவீர்கள் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் ஸ்லீப்பையும் ஆஃப் பண்ணிவிடுங்கள்.

மோனோபிளாக்_கோவை:

ஏஐ0 ஸ்குரூதான் சார், ஒயர் உறை மேல் இறுகியிருந்தது, உள்ளே செம்பு தொடவே இல்லை. டிஃபரன்ஷியலுக்கு மாற்றிவிட்டேன், சார்ஜர் மாட்டியிருந்தும் அலை நன்றாகக் குறைந்துவிட்டது. ஐசொலேட்டருக்கு முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். ஃப்ளோ மீட்டர் மேனுவலைக் காணோம். மல்டிமீட்டரை வைத்து என்பிஎன்-ஆ, 24 வோல்ட் பல்ஸா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

எர்த்பிட்:

உண்டு. ஃப்ளோ மீட்டருக்கு சப்ளை கொடுத்து, பல்ஸ் ஒயரை எதிலும் மாட்டாமல், அதற்கும் மைனஸுக்கும் நடுவில் டிசி வோல்ட் அளங்கள். தண்ணீர் மெதுவாக ஓடட்டும். 24-க்கும் 0-வுக்கும் தாவினால் அது வோல்டேஜ் பல்ஸ், ஆப்டோ போடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் 10 கிலோ ஓம் ஒன்றை 24 வோல்ட் பிளஸிலிருந்து பல்ஸ் ஒயருக்கு இழுத்து மறுபடி அளங்கள். இப்போது தாவினால் ஓபன் கலெக்டர். அந்த 10 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு அப்புறம் கார்டில் மாட்டவும், அதோடு மாட்டினால் 24 வோல்ட் அந்த வழியாகவே ஏறிவிடும்.