பொருள்: சப்வூஃபருக்குத் தமிழ் – சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஒலியமைப்பு வகுப்பு நடத்துகிறேன். தமிழில் ஒரு பாடக்குறிப்பு போடுகிறோம். சனிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பயிற்சிக்கு வந்திருப்பது மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி. இரண்டே சீட்டு, மடக்குக் கூரை. வண்டிக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: சத்தம் கேட்கணும், சாமான் கண்ணில் படக்கூடாது.

சின்ன வண்டியில் இது லேசுப்பட்ட காரியமில்லை. பின்னால் பூட்டில், அதாவது சாமான் அறையில், சப்வூஃபர் (பாஸ் என்னும் அடிக்குரலை முழக்கும் ஸ்பீக்கர்) பெட்டியை வைத்தால் பாஸ் அங்கேயே அடங்கிப்போகும். சீட்டுக்குப் பின்னாலுள்ள மேடையில் துளை போட்டு வழிவிடலாம் என்றால் அந்த மேடைக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்கி. அங்கே டிரில் படவே கூடாது என்று தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். மிச்சம் இருப்பது பக்கத்து சீட்டுக்காரர் கால் நீட்டும் குழி. கம்பளத்தைத் தூக்கி, தகரத்தின் மேல் டேப் ஒட்டி, ஃபைபர்கிளாஸ் விரித்து ரெசின் தடவி, குழியின் அதே வடிவத்தில் ஒரு பெட்டி வார்க்கிறோம். 8 அங்குல சப்வூஃபர் அதற்குள். மேலே துளையிட்ட தகடு, அதன் மேல் பழைய கம்பளம். மிதித்தாலும் தாங்கும். இந்த வண்டிக்கு பேட்டரியே பின்னால் இருப்பதால், ஸ்பீக்கருக்கு ஒலியை வலுவேற்றி அனுப்பும் ஆம்ப்ளிஃபயரை அங்கேயே ஒளித்துவிடலாம், பவர் வயரும் குட்டையாகப் போதும்.

வேலை தெரிகிறது, சொல்தான் மாட்டேன் என்கிறது. சப்வூஃபருக்கு ஒன்று வேண்டும். மறைத்துப் பொருத்தும் இந்த வேலைக்கு ஒன்று. அப்புறம் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் குழப்பாத இரண்டு பெயர். கடைசியில் சொன்னது விளையாட்டில்லை. எங்கிருந்தோ வந்த பழைய குறிப்பு ஒன்றில் ஆம்ப் "பெருக்கி", ஸ்பீக்கர் "ஒலிபெருக்கி". "பெருக்கிக்கு 12 வோல்ட்" என்று படித்த பையன் நேராக ஸ்பீக்கர் முனையில் பேட்டரியைக் கொடுத்துவிட்டான். சுருள் கருகிய நாற்றம் சாயங்காலம் வரை பட்டறையை விட்டுப் போகவில்லை.

கோலகங்சார் வாத்தியார்:

தம்பி, சொல் இல்லாமலா? பழந்தமிழ் இசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூவகை இயக்கு, அதாவது சுரநிலை, உண்டு. பின்னால் மந்தரம், மத்திமம், தாரம் என்று வழங்கியதும் இவற்றைத்தான். அடியில் முழங்குவது மெலிவு. ஆகவே சப்வூஃபர் மெலிவொலிப்பி, நடு ஸ்பீக்கர் சமனொலிப்பி, உச்சத்தில் கீச்சிடும் ட்வீட்டர் வலிவொலிப்பி. நீங்கள் ஒன்று கேட்டீர்கள், மூன்று தந்துவிட்டேன்.

"ஒலிப்பான்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆன் என்பது ஆண்பால் விகுதி. ஸ்பீக்கருக்கு மீசை முளைத்துவிடும்.

ஈப்போ மின்னியல்:

> ட்வீட்டர் வலிவொலிப்பி

ஐயா, இசையறிஞர் சபையில் இது செல்லும். பட்டறையில் ஆபத்து. "வலிவு" என்று பெயர் வைத்தால் பையன் அந்த ஒரு அங்குல ட்வீட்டரில் முழு பவரையும் திறந்துவிடுவான், அது அன்றே போய்விடும். "மெலிவு" என்றாலோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவன்தான் நினைவுக்கு வருகிறான். நெஞ்சு அதிர வேண்டும் என்று காசு கொடுக்கிறவரிடம் மெலிவுப் பெட்டி என்று எதைச் சொல்லி விற்பது?

அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்பதை வைத்துப் பெயர் வைப்பதே நல்லது. மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சப்வூஃபருக்கு அடியிலுள்ள 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை. 40 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல், அந்த மாஸ்டாவோ நான்கு மீட்டர்கூட இல்லை. இவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அதைக் காலடியில் ஒளித்தாலும் பாட்டு முன்னாலிருந்து வருவது போலவே இருக்கிறது. ட்வீட்டரை அப்படி ஒளிக்க முடியாது, காது உடனே காட்டிக்கொடுத்துவிடும். என் பரிந்துரை: தாழதிர்வெண் ஒலிப்பி.

தைப்பிங் டீச்சர்:

மின்னியல் சார், "தாழதிர்வெண் ஒலிப்பி" என்று என் வகுப்பில் ஒரு மாணவனை மூன்று முறை வேகமாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது முறையிலேயே வகுப்பே சிரித்துவிட்டது.

சப்வூஃபர் அப்படியே இருந்தால் என்ன கெட்டுப்போகும்? இந்தப் பிள்ளைகள் நாளைக்கு மலாய்மொழியில் தேர்வு எழுதுவார்கள், சீனர் கடையில் சாமான் வாங்குவார்கள், பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் படிப்பார்கள். நாம் வைக்கும் பெயர் நான்காவது சுமை. ஸ்பீக்கருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மலாயில் அது பெம்பெசார் சுவாரா, ஒலியைப் பெரிதாக்குவது. நம் ஒலிபெருக்கியும் அச்சு அசல் அதேதான், அதே குழப்பமும்கூட. ஆனால் அவர்கள் ஆம்ப்ளிஃபயரைப் பெங்குவாட் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். வலுவூட்டுவது என்று பொருள். நாமும் "வலுவூட்டி" என்று வைத்தால் பையன்களுக்கு மலாய் வழியாகவே புரிந்துவிடும்.

கோலகங்சார் வாத்தியார்:

டீச்சர் அம்மா, சுவாரா என்பதே வடமொழி ஸ்வரம். கடலைக் கடந்து மலாய்க்குப் போய், அங்கிருந்து நமக்குப் பாடம் சொல்ல வருகிறதா? "இணையம்" என்ற சொல்லை சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்தபோதும் இப்படித்தான் இன்டர்நெட்டே போதும் என்றார்கள். இன்று இணையம் என்று சொல்லாத தமிழன் உண்டா?

தைப்பிங் டீச்சர்:

ஐயா, சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்று ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கலாவும் சாலாவும் வடமொழி. அதை மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம்.

லாரிக்காரன், கிள்ளான்:

எனக்கு இலக்கணம் தெரியாது. வூஃப் என்றால் நாய் சத்தம்தானே? குரைக்கிறது, உறுமுகிறது. நம்ம உறுமி மேளத்தின் பெயரையே வைத்துவிடலாமே. பெரிய வூஃபர் உறுமி, ட்வீட்டர் கீச்சி. எந்தப் பையனுக்கும் விளக்கம் தேவைப்படாது. திருவிழாவில் கேட்டு வளர்ந்தவன்தானே எல்லாரும்.

கோலகங்சார் வாத்தியார்:

லாரித் தம்பி, நன்று! மெலிவொலிப்பியை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் இதற்கு மரபு இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கரடி கத்தினாற்போன்ற ஓசையுடையதால் கரடிகை என்று ஒரு தோற்கருவிக்குப் பெயர் வந்தது என்கிறார். விலங்கின் குரலைக் கருவிக்குச் சூட்டுவதற்கு நாம் ஆங்கிலேயரிடம் போக வேண்டியதில்லை.

இலக்கணமும் இடறவில்லை. உறுமு என்ற வினையோடு இகர விகுதி. இன்னும் கொஞ்சம் போவோம். சங்கப் பாடல்களில் உரும், உருமு என்றால் இடி. இடையின ரகரம். உறுமுவதில் வல்லின றகரம். இரண்டும் ஒரே வேரா? என் கருத்து, முழக்கத்தைக் குறித்த உர் என்னும் ஒலிக்குறிப்பே இரண்டாகக் கிளைத்தது. முரசு, முரல், முரற்சி எல்லாவற்றிலும் அந்த உர் இருக்கிறது. குரைப்பில்கூட

ஈப்போ மின்னியல்:

ஐயா, அஞ்சல் பாதியில் நின்றுவிட்டது. நின்றதே நல்லது என்று நினைக்கிறேன். குரங்கிலும் உர் இருக்கிறது.

உறுமிக்கு நானும் ஆதரவு. பொறியியலாக ஒரே உறுத்தல்: உறுமியின் ஓசை வழுக்கி ஏறி இறங்கும், நல்ல சப்வூஃபர் அப்படிச் செய்யக்கூடாது. பெட்டியில் காற்று கசிந்தால்தான் அது உண்மையிலேயே உறுமும், அது பழுது.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

உறுமி எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒருவனும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டாவதை மறந்துவிட்டீர்கள். மறைத்துப் பொருத்துவதற்கு?

தைப்பிங் டீச்சர்:

"ஒளியொலி அமைப்பு" என்று ஒருவர் தனி அஞ்சலில் அனுப்பினார். ஒளித்த ஒலியாம். படிக்கிறவன் டிவி பொருத்தும் வகுப்பு என்று வந்து உட்காருவான். ளகர லகரம் பார்த்து எழுதுங்கள்.

கோலகங்சார் வாத்தியார்:

கரத்தல் என்றால் மறைத்தல். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளை அறிவீர்கள். ஆகவே கரந்துறை ஒலியமைப்பு.

லாரிக்காரன், கிள்ளான்:

கரந்துறை என்றால் ஏதோ துறைமுகம் மாதிரி இருக்கு ஐயா. எங்க தாத்தா ஆசாரி. பெட்டகத்தில் நகை வைக்க வெளியே தெரியாமல் ஓர் அறை விடுவார், அதற்குக் கள்ளறை என்று பேர். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

அண்ணே, அருமையான சொல். ஆனால் ரோட் பிளாக்கில் போலீஸ்காரர் தமிழராக இருந்து, "காரில் என்ன?" என்று கேட்டு, பையன் "கள்ளறை போட்டிருக்கேன்" என்று சொன்னால் அந்த மாஸ்டாவைக் கம்பளம் வரை பிரித்துவிடுவார்கள்.

ஈப்போ மின்னியல்:

"மறைபொருத்து". சாதாரணமாக இருக்கிறது, புரிகிறது, சொல்லவும் வருகிறது. (சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஓட்டுக்குள் ஒளிவது அதன் தொழில். "நத்தைப் பொருத்து" என்று வைத்தால் ஊர் பெயரும் நிலைக்கும். சும்மா சொன்னேன், யாரும் வேர் தேடிக் கிளம்ப வேண்டாம்.)

உறுமிக்குழு, சுங்கை சிப்புட்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதியே ஆக வேண்டும்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்போம், மறுமுகத்தைத் தட்டுவோம். தேய்க்கும் குச்சி தோலில் பிடித்து இழுக்கும்போது வரும் சத்தத்தில்தான் சாமி இறங்கும். வாசிக்கும் முன்னால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தோளில் மாட்டுவோம். செருப்போடு யாரும் அதைத் தாண்டிப்போக விடமாட்டோம்.

நீங்கள் அந்தப் பெயரை எதற்கு வைக்கிறீர்கள்? காரில் கால் நீட்டும் குழியில் கிடக்கும் பெட்டிக்கு. மேலே கம்பளம், அதன் மேல் சப்பாத்து. "மிதித்தாலும் தாங்கும்" என்று பட்டறை அண்ணனே எழுதியிருக்கிறார். உறுமியை மிதி என்று பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுவீர்களா? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் நாலு திசையாகப் போன பிறகும் திருவிழாவுக்கு எங்களை ஒன்றுசேர்ப்பது அந்த வாத்தியம்தான். சொல் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று இருங்கள்.

லாரிக்காரன், கிள்ளான்:

அண்ணே, நான் கும்பிட்ட உறுமிதான் அது. மரியாதைக் குறைவாக நினைத்துச் சொல்லவில்லை.

ஈப்போ மின்னியல்:

இடம்தான் பிரச்சினை என்றால் இடம் மாறலாம். மைவி மாதிரி பின்சீட்டு உள்ள காரில் சப்வூஃபரைச் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ வைப்பார்கள். பெயர் கருவிக்கு, அது கிடக்கும் இடத்துக்கு இல்லை.

உறுமிக்குழு, சுங்கை சிப்புட்:

சீட்டுக்கு அடியில் என்றால் மேலே உட்காருவார்கள். நல்லா யோசித்தீர்கள் சார்.

தைப்பிங் டீச்சர்:

இந்த ஒரு விஷயத்தில் நான் உறுமிக்குழு அண்ணன் பக்கம். கடன்சொல்லுக்கு ஒரு வசதி உண்டு, அதை மிதித்தால் யாருக்கும் வலிக்காது.

கோலகங்சார் வாத்தியார்:

முரசுக்குக் கட்டில் இருந்தது, அதில் ஏறிப் படுத்துவிட்ட புலவருக்கு மன்னன் கவரி வீசினான். புறநானூற்றில் இருக்கிறது. கருவியின் மேனி மிதிபட்டதா, பெயர் மிதிபட்டதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும் உறுமிக்குழுத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே மீண்டும் மெலிவொலிப்பிக்கே வருகிறேன். அதை மிதித்தால் எவரும் கோபிக்கமாட்டார்.

மட்டுறுத்துநர்:

வெள்ளி இரவு ஆகிவிட்டது. கணக்கு இது: உறுமி ஐந்து, சப்வூஃபர் நான்கு, மெலிவொலிப்பி ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மறைபொருத்துக்கு எதிர்ப்பில்லை, ஆதரவும் பெரிதாக இல்லை. வலுவூட்டி பரவாயில்லை என்கிறார்கள். ஸ்பீக்கர் ஸ்பீக்கராகவே இருக்கட்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. குழு எதையும் ஏற்றதாக அறிவிக்கவில்லை. எழுதுகிறவர் விருப்பம்.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உறுமி என்றே போட்டிருக்கிறேன். "மிதித்தாலும் தாங்கும்" என்ற வரியை எடுத்துவிட்டு "தகடு எடையைத் தாங்க வேண்டும்" என்று மாற்றினேன். வலுவூட்டி படத்தில் பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்துவிட்டது. நேரம் ஒதுக்கிய எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவுக்கு ஒரு பிரதி அஞ்சலில் வரும்.

உறுமிக்குழு, சுங்கை சிப்புட்:

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வாங்கும் பிரதிகளில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு வருத்தப்படக்கூடாது.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

தாராளமாக ஒட்டுங்கள் அண்ணே. ஸ்டிக்கரில் என்ன சொல் போடப் போகிறீர்கள்?

உறுமிக்குழு, சுங்கை சிப்புட்:

சப்வூஃபர்.

கோலகங்சார் வாத்தியார்:

மெலிவொலிப்பி என்று போட்டால் ஸ்டிக்கர் செலவை நான் ஏற்கிறேன்.