இவ்வளவு சைக்கிள் ஓட்டியும் எலும்பு அடர்த்தி ஏன் குறைவு?

மிதிபவன்:
பல வருஷமாக சைக்கிள்தான் எனக்கு உடற்பயிற்சி, நடுநடுவே நீச்சல். தொடையில் நல்ல பலம், மேடு ஏறினாலும் மூச்சு வாங்காது. ஆனால் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி வயசுக்குக் குறைவு என்று வந்திருக்கிறது. உழைப்பு கொடுத்தால் எலும்பு வலுக்கும் என்பார்களே, அப்புறம் ஏன் இப்படி?

நடுஎலும்பு:
சைக்கிளில் உங்கள் எடையைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது, நீச்சலில் தண்ணீர். எலும்பு மணிக்கணக்கைப் பார்ப்பதே இல்லை, எவ்வளவு வலுவாக, எவ்வளவு சடாரென்று வளைக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. அது வளையும்போது உள்ளே இருக்கிற நுண்குழாய்களில் திரவம் ஓடும், அந்த ஓட்டத்தை எலும்புக்குள் பதிந்திருக்கிற ஆஸ்டியோசைட் செல்கள் உணர்ந்து, எலும்பு கட்டுவதைத் தடுக்கும் ஸ்க்ளிரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைத்துவிடும். அசையாத பாரத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றால் திரவம் ஒருமுறை நகர்ந்து நின்றுவிடும், பிரயோஜனம் இல்லை. 1984ல் ரூபின், லான்யன் என்ற ஆய்வாளர்கள் பறவைகளின் இறக்கை எலும்பில் செய்து பார்த்தார்கள்: ஒரு நாளைக்கு 36 தடவை வளைத்ததில் கிடைத்த பலனுக்கு மேல் 1800 தடவை வளைத்தும் கிடைக்கவில்லை.

மிதிபவன்:
அப்படியானால் தினமும் நடந்தால் போதுமா?

கைமாற்றி:
நடை இருப்பதைக் காப்பாற்றலாம், பெரிதாக ஏற்றாது. தினமும் நடக்கிற சுமை எலும்புக்குப் பழகிப்போன விஷயம். குதிப்பது, படியிலிருந்து இறங்கிக் குதிப்பது, கனமான பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், திடீரென்று திசை மாற்றி ஓடுகிற விளையாட்டு, இவைதான் வேலை செய்யும். பலனும் அடி விழுகிற இடத்தில்தான் கிடைக்கும். டென்னிஸ்காரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மட்டும் தடித்திருக்கும். உடல் எடையைத் தாங்க வேண்டியில்லாத விண்வெளியில் இருப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரையும், கையில் அவ்வளவு போகாது.

நடுஎலும்பு:
சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நூறு குதி குதிக்காதீர்கள். அடியில் பழுதான எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் முதலில் அரித்து எடுக்கும், அதற்குச் சில வாரம்; அந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடுதலாகச் சில மாதம். பயிற்சியைத் திடீரென ஏற்றுகிற புது ஓட்டக்காரர்களுக்கும் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் முழங்காலுக்குக் கீழே நூல் விரிசல் விழுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். தொடர்ந்து அடித்தால் செல்கள் மரத்தும் போகும், அதனால் ஒவ்வொரு குதிக்கும் நடுவே சில நொடி விட்டு, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, எல்லாப் பழியையும் சைக்கிள் மேல் போடாதீர்கள். ஓட்டுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருந்தாலும், வைட்டமின் டி அல்லது ஹார்மோன் குறைந்தாலும் இதே மாதிரிதான் ரிப்போர்ட் வரும். ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், ஸ்கேனில் ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்புப்புரை நோய்) என்றே போட்டிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் குதிக்கவே வேண்டாம். அடுத்த ஸ்கேனுக்கு ஒரு வருஷமாவது விடுங்கள், அதற்கு முன் எடுத்தால் வித்தியாசம் மெஷினின் பிழை அளவுக்குள்ளேயே போய்விடும்.