14 அங்குலத்துக்குக் கீழே குவிந்து கிடக்கும் பாஸ் மீன்கள்: ஸ்லாட் வரம்பு வந்தால் நிலைமை மாறுமா?

சனிக்கிழமைத் தூண்டில்:

வணக்கம். கிழக்கு டெக்ஸாஸில் உள்ள ஒரு பொது நீர்த்தேக்கத்தில் நான்கு ஆண்டுகளாக லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்து வருகிறேன். மாநிலத்துக்கான பொது விதிதான் இங்கும் நடப்பில் உள்ளது: 14 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. பிடிக்கும் ஒவ்வொரு மீனையும் அளந்து குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். இந்த வசந்த காலத்தில் எழுதிய 46 மீன்களில் 40 மீன்கள் 11 அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்கும் இடைப்பட்டவை. 15 அங்குலத்தைத் தாண்டியது ஒன்றே ஒன்று. போன சனிக்கிழமை பிடித்த ஒரு மீனை வாயை மூடி, வாலை ஒடுக்கி, நனைத்த பலகையில் கிடத்தியபோது வால்நுனி 14 என்ற கோட்டுக்கு மயிரிழை உள்ளே நின்றது. தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் இருந்த அந்த மீன் தராசில் 510 கிராம்தான் காட்டியது.

இங்கும் ஸ்லாட் வரம்பு, அதாவது ஓர் இடைப்பட்ட நீளத்தில் உள்ள மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதி, கொண்டுவர வேண்டும் என்று படகுத்துறையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். சிறிய மீனைக் காப்பாற்றினால்தானே அது பெரிதாகும்? சிறியதை எடுத்துக்கொண்டு நடுத்தர மீனை விட்டுவிடச் சொல்லும் விதி எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. அல்லது நாள் வரம்பை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தாலே போதுமா?

ஆழமானி:

நண்பரே, நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. 14 அங்குல லார்ஜ்மவுத் நல்ல உடற்கட்டோடு இருந்தால் ஏறத்தாழ 650 கிராம் இருக்க வேண்டும். உங்கள் மீன் அதில் எண்பது விழுக்காடுகூட இல்லை. மீன்வளத் துறையினர் இதை ஒப்பீட்டு எடை என்பார்கள். 100க்கு அருகில் இருந்தால் மீனுக்கு வயிறார இரை கிடைக்கிறது என்று பொருள். ஒரு மீனை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்த நாற்பதும் இப்படித்தான் இருக்கின்றன என்றால், அவை மெலிந்திருப்பதற்குக் காரணம் பந்தி சிறியது, உண்பவர் அதிகம் என்பதாகத்தான் இருக்கும்.

குறைந்தபட்ச நீள வரம்பு எல்லா ஏரிக்கும் பொருந்தும் மருந்து அன்று. குஞ்சுகள் குறைவாகத் தேறுகிற, ஆனால் தேறியவை விரைவாக வளர்கிற, பிடிப்பு அழுத்தமும் அதிகமாக உள்ள ஏரிக்கு அது மிகவும் ஏற்றது. அங்கே 14 அங்குலம் எட்டுவதற்கு முன் மீன் சட்டிக்குப் போய்விடாமல் அது தடுக்கிறது. குஞ்சுகள் ஏராளமாகத் தேறி, வளர்ச்சி மந்தமாக இருக்கும் ஏரியில் அதே விதி வேறு விதமாக வேலை செய்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ளவற்றை யாரும் தொட முடியாது, கோட்டைத் தாண்டிய சிலவற்றை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். ஆகவே 12, 13 அங்குல மீன்கள் ஒரே இரைக்குப் போட்டியிட்டுக்கொண்டு அங்கேயே தேங்கி விடுகின்றன.

ஸ்லாட் வரம்பு இந்தத் தேக்கத்தை உடைப்பதற்காக வந்தது: சிறியவற்றில் சிலவற்றை எடுத்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைக்கும், அவை வளரும். டெக்ஸாஸின் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள மீன் அனைத்தையும் உடனே விட்டுவிட வேண்டும்; 16க்குக் கீழே உள்ளதை எடுக்கலாம்; நாளுக்கு 5 மீன் என்ற கணக்கில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுதான் இருக்கலாம். 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு எடையுள்ள மாநிலச் சாதனை மீன் கிடைத்ததும் அந்த நீர்த்தேக்கத்தில்தான். அதற்காகப் பெருமை முழுவதையும் விதிக்கே கொடுத்துவிட முடியாது. வளமான நீரும், அங்கு விடப்பட்ட புளோரிடா வகை பாஸின் மரபும் அதில் பங்கு கொண்டவை.

நாள் வரம்பைப் பற்றி: ஒரு நாளில் ஐந்து மீனையும் நிரப்பிக்கொண்டு வீடு திரும்புகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் ஒன்றிரண்டோடு, அல்லது வெறுங்கையோடு போகிறவர்கள். அவர்களுக்கு வரம்பு ஐந்தானால் என்ன, மூன்றானால் என்ன? அறிவிப்புப் பலகையில் எண் மாறும். ஏரிக்குள் மாற்றம் சிறிதளவே இருக்கும்.

பழைய படகு:

ஆழமானி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் விட்டுவிட்ட ஒன்று, என் அனுபவத்தில், எல்லாவற்றையும் விடப் பெரியது. சிறிய மீனை எடுப்பதற்கு ஆள் இருந்தால்தான் ஸ்லாட் வரம்பு வேலை செய்யும். 1972ஆம் ஆண்டில் ரே ஸ்காட் நிறுவிய பாஸ் மீன்பிடிப்போர் சங்கம் போட்டிகளில் மீனை உயிரோடு விடும் வழக்கத்தைத் தொடங்கியது. அது இன்று பாஸ் பிடிப்பவர்களிடையே ஏறக்குறைய ஒரு மதமாகிவிட்டது. ஸ்லாட் வரம்பு உள்ள ஏரியில் 12 அங்குல மீன் ஒன்றைப் பனிப்பெட்டியில் வைத்தால், பக்கத்துப் படகுக்காரர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். சட்டம் எடுக்கலாம் என்கிறது, பண்பாடு விடச் சொல்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் விட்டால் ஸ்லாட் வரம்பு உள்ள ஏரிக்கும் இல்லாத ஏரிக்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்று: கோடையில் போட்டி நடத்தி, மீனை உயிர்த்தொட்டியில் நாள் முழுவதும் சுமந்து, எடை போட்டு விட்டுவிடுகிறோம். நீந்திப் போவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். நீர் சூடாக இருக்கும் மாதங்களில் அப்படிப் போன மீன்களில் ஒரு பகுதி அடுத்த சில நாட்களில் செத்துப் போகிறது. அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொண்டைக்குள் ஆழமாக மாட்டிய தூண்டில் முள்ளை இடுக்கியால் பிடுங்கி எடுத்துவிட்டு மீனை விடுவதும் இதே வகைதான். அங்கே முள்ளை அப்படியே விட்டு, தூண்டில் நூலை வெட்டிவிடுவது மீனுக்கு நல்லது.

சனிக்கிழமைத் தூண்டில்:

இருவருக்கும் நன்றி. நாற்பதில் நான் எடை போட்டவை ஒன்பது. அவற்றில் ஏழு இதேபோல் மெலிந்தவைதான். அப்படியானால் என் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஸ்லாட் வரம்பு வேண்டும் என்று மீன்வளத் துறைக்கு எழுதலாமா? பெரிய மீன்களைக் காத்தால் முட்டை அதிகமாகி ஏரி நிரம்பும் என்றும் ஒருவர் சொன்னார்.

ஆழமானி:

எழுதுங்கள், ஆனால் விதியைக் கேட்காமல் ஆய்வைக் கேட்டு எழுதுங்கள். தூண்டிலில் கிடைப்பது நீங்கள் போடும் இரையையும் இடத்தையும் பொறுத்தது. அது ஏரியின் முழுப் படம் ஆகாது. துறையின் உயிரியலாளர்கள் கரையோரமாக மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மேலே வரும் மீன்களை அளந்து எடை போட்டுவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். சில மீன்களின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, மரத்தைப் போல வளையம் எண்ணி வயது காண்கிறார்கள். 13 அங்குல மீனுக்கு வயது இரண்டா ஐந்தா என்பதில்தான் உங்கள் கேள்வியே அடங்கியிருக்கிறது. இரண்டு என்றால் சென்ற ஆண்டுகளில் ஏராளமாகத் தேறிய குஞ்சுகள் வளர்ந்து வருகின்றன, பொறுத்திருந்தால் போதும். ஐந்து என்றால் வளர்ச்சி நின்றுவிட்டது.

அவர்கள் பயன்படுத்தும் ஒரு குறியீட்டை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 8 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள மீன்களில் எத்தனை விழுக்காடு 12 அங்குலத்தை எட்டியவை என்று பாருங்கள். 40க்கும் 70க்கும் இடையில் இருந்தால் பொதுவாகச் சமநிலை என்பார்கள். உங்கள் ஏரியில் 12, 13 அங்குல மீன்கள் குவிந்திருப்பதால் இந்த எண் அழகாகவே வந்து ஏமாற்றக்கூடும். ஆகவே 15 அங்குலத்தை எட்டியவை எத்தனை என்றும் தனியாகப் பாருங்கள். 46இல் ஒன்று என்பது மிகக் குறைவு.

முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் இடுகிறது, கூட்டை ஆண் மீன் காக்கிறது. வசந்தத்தில் நீர்மட்டம் உயர்ந்து கரையோரச் செடிகள் மூழ்கினால் குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கிடைக்கும். திடீரென வடிந்தால் கூடுகள் காய்ந்து போகும். எத்தனை குஞ்சு தேறும் என்பதைத் தாய்மீனின் எண்ணிக்கையைவிட இவை அதிகமாகத் தீர்மானிக்கின்றன. உங்கள் ஏரியில் குஞ்சுக்குப் பஞ்சம் இல்லை. ஷாட் மீன் போன்ற இரைக்குத்தான் பஞ்சம் என்று தோன்றுகிறது.

பழைய படகு:

விதி மாறும்வரை 14க்குக் கீழே ஒன்றையும் எடுத்துவிடாதீர்கள், தம்பி. அப்புறம், அந்த நாற்பதும் லார்ஜ்மவுத்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டாமல், நாக்கில் சொரசொரப்பான திட்டும் இருந்தால் அது ஸ்பாட்டட் பாஸாக இருக்கலாம். அதற்கு மாநிலப் பொது விதியில் குறைந்தபட்ச நீளமே கிடையாது. ஐந்து என்ற நாள் கணக்கில் மட்டும் சேரும்.