பங்குனியில் குளம் நிறைந்திருக்க வேண்டுமா, வற்ற வேண்டுமா?

பொருநைக்கரையான்:
ஞாயிறு விடியற்காலை இரண்டு குளங்களுக்குப் போய் வந்தேன். முதலாவது பாளையங்கோட்டைப் பக்கம், சமீபத்தில் எந்திரம் வைத்து ஆழப்படுத்தியது. பிசான நெல் அறுவடை முடிந்த பிறகும் கரை முட்டத் தண்ணீர். ஒரு மணி நேரம் நின்றும் கண்ணில் பட்டவை நாமக்கோழிகளும் நான்கு நீர்க்காகங்களும்தான்.

அடுத்தது காடன்குளம். முக்கால் பங்கு வற்றி, சுற்றிலும் கறுத்த சேறு. அங்கே கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு வலசைப் பறவைகளை எண்ணி முடியவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தொடுவதுபோல அலகால் சேற்றைத் தொட்டுத் தொட்டு நகர்கின்றன. மார்கழியில் வெறும் சாம்பல் நிறமாக இருந்தவை, இப்போது முதுகில் செம்மண் தூவியதுபோல நிறம் மாறியிருக்கின்றன. இன்னொரு வலசைப் பறவையான பொன்னிற உப்புக்கொத்தி ஒன்றின் வயிறு பாதி வெள்ளை, பாதி கறுப்பு, மைப்புட்டி கவிழ்ந்ததுபோல. ஊருக்குப் போகும் உடுப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது.

பறவைகளுக்காக அணைத் தண்ணீரைக் கோடையில் குளங்களுக்கு விடுங்கள் என்று நம் மனுவில் நாமே கேட்கிறோம். சேற்றை மூழ்கடித்துவிட்டு எந்தப் பறவையைக் காப்பாற்றப் போகிறோம்?

நாங்குநேரிக்காரன்:
அண்ணாச்சி, காடன்குளம் வரை வந்தவர் கூந்தன்குளத்துக்குள் ஒரு நடை எட்டிப் பார்த்திருக்கலாம். வீட்டு மரங்களில்கூடச் சங்குவளை நாரையின் கூடு இருக்கிறது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே மக்கள் காத்த பறவைகள். வெயில் ஏறினால் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்கும். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வரவில்லை என்றால் மீனுக்கு அது எங்கே போகும்? உங்கள் உள்ளானுக்கு இறக்கை இருக்கிறது, பறந்து போய்விடும். குஞ்சுக்கு இன்னும் முளைக்கவில்லை.

பொருநைக்கரையான்:
இறக்கை இருந்தால் போதுமா? ஏறத்தாழ 25 கிராம் எடை. இங்கிருந்து ஆர்க்டிக் ஓரத்துத் துந்திரா என்னும் மரமில்லாக் குளிர்வெளி வரை போய்த்தான் முட்டையிட வேண்டும். அந்த வழிக்கான கொழுப்பைச் சேற்றுப் புழுவைத் தின்றுதான் சேர்க்கிறது. நாரை இந்த நாட்டுக்குள்ளேயே சுற்றும் பறவை. ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவம் உண்டு. உள்ளான் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பினால் போய்ச் சேருமா?

நாங்குநேரிக்காரன்:
ஒரு பருவக் குஞ்சு முழுவதும் செத்தால் பரவாயில்லை என்கிறீர்களா? இதை அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

பாளை கயல்:
இருவரும் தண்ணீரின் அளவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். குளத்தின் வடிவத்தைப் பாருங்கள். பழைய குளம் தாம்பாளம். ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் பத்துப் பதினைந்து அடிக்குச் சேறு தெரியும். எந்திரம் வெட்டிய குளம் அண்டா. ஒரு ஆள் உயரம் இறங்கினாலும் செங்குத்தான கரைதான் தெரியும். அண்ணாச்சி முதலில் போன குளம் நிறைந்திருந்ததால் மட்டும் காலியாக இல்லை. பாதி வற்றினாலும் அங்கே உள்ளான் இறங்காது. நாரையும் இறங்காது. அது அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் துழாவி, மீன் பட்டதும் கவ்வுகிற பறவை. கால் எட்டாத ஆழத்தில் அதற்கும் பட்டினிதான்.

வரப்புக்காரன்:
பறவைப் பிரியர்களே, குளம் வெட்டியது நெல்லுக்கு. கோடையில் தண்ணீர் நின்றால்தான் என் கிணறு ஊறும், மாடு குடிக்கும். வண்டலை நானும் அள்ளியிருக்கிறேன். மேல் மண்ணை மட்டமாகச் சுரண்டி வயலில் கொட்டுவோம். கரையோரம் பள்ளம் பறித்தது லாரிக்கு மண் விற்றவர்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

பாளை கயல்:
எழுதவில்லை. ஆழம் வேண்டுமென்றால் நடுவில் தோண்டட்டும். ஓரச் சரிவை விட்டுவைக்கட்டும்.

நாங்குநேரிக்காரன்:
வடிவம் சரி, கயல். ஆனால் சித்திரையில் குஞ்சு வாயைத் திறந்தால் சரிவா சோறு போடும்? இந்த வருடக் குஞ்சுக்கு இந்த வருடத் தண்ணீர் வேண்டும். கூந்தன்குளத்துக்கு மட்டும் விடட்டும். மற்றவை உங்கள் உள்ளான்களுக்கு.

பொருநைக்கரையான்:
கூந்தன்குளத்துக்கு மட்டும் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் நம் மனுவில் ‘எல்லாக் குளங்களுக்கும்’ என்று இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொன்று: அன்று காமிராவுடன் சேற்றில் இறங்கி அந்த உள்ளான் கூட்டத்தை மூன்று முறை கிளப்பிய தம்பி இங்கே இருந்தால், படத்தைப் போட வேண்டாம். நாமே துரத்திவிட்டுத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

நாங்குநேரிக்காரன்:
மனுவைத் திருத்துகிறேன். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குக் கூந்தன்குளம் வாருங்கள். முதலில் குஞ்சைப் பாருங்கள், பிறகு நானும் காடன்குளம் வருகிறேன்.

வரப்புக்காரன்:
வழியில்தான் என் கிணறு. அதையும் எட்டிப் பாருங்கள்.