கிளிப் என்றால் எந்தக் கிளிப்? சேற்றுத்தட்டி பூட்டும் ஆணிகளும் சுரைகளும்

கிளிநொச்சியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைகளுக்கான தமிழ்க் கைநூலின் வரைவைப் போன கிழமை உங்களுக்கு அனுப்பினேன். அதில், வாகனத்தின் உறைகளைப் பூட்டும் பிளாஸ்டிக் ஆணியைக் 'கிளிப்' என்று ஒரே சொல்லோடு விட்டிருந்தேன். வவுனியா ஐயா உடனே பிடித்துவிட்டார். தலைமயிருக்குக் குத்துவதும் கிளிப், கொடியில் உடுப்புக்குப் போடுவதும் கிளிப், கடதாசிக்கும் கிளிப். வாகனத் திருத்தம் படிக்க வரும் பிள்ளை எதையென்று நினைக்கும் என்று கேட்டிருந்தார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. கடையில் போய்க் கிளிப் என்றால் எடுத்துத் தருகிறார்கள்தானே என்று நினைத்தேன். எடுத்துத் தந்ததுதான் வினையாகப் போயிற்று.

என்னுடையது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த சிறிய கார். சில்லுக்குப் பின்னால் தொங்கும் சேற்றுத்தட்டி இல்லாமலேயே வந்தது. (மட்பிளாப்புக்குச் 'சேற்றுமடல்' என்ற சொல்லும் வந்தது, அழகான சொல்தான். ஆனால் தட்டிவான் என்ற பழைய பயணிகள் வண்டி ஓடிய ஊரில் தட்டியைக் கைவிட எனக்கு மனமில்லை.) தார் வீதிக்கு அது பரவாயில்லை. ஏ9 வீதியை விட்டிறங்கி இரணைமடு வாய்க்கால் கரைக் கிரவல் பாதையில் ஒரு மாரி ஓடினால் கதவின் கீழ்ப்பாதி செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சில்லு எறியும் கல் பெயின்ற்றைக் கொத்தும், கொத்தின இடமெல்லாம் கறல். ஆகவே நாலு தட்டியும் ஒரு பை கிளிப்பும் வாங்கினேன். சில்லுக்கு மேலே வளைவாக இருக்கும் பிளாஸ்டிக் உறையில் துளைகள் ஏற்கெனவே உண்டு. பழைய கிளிப்பைக் கழற்றி, தட்டியை வைத்து, புதியதை அழுத்தினேன். 'டக்' என்றது. சரி, வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன்.

இரண்டாம் நாள் மழையில் அக்கராயன் போய்த் திரும்பும்போது முன் இடப்பக்கத் தட்டி ஒற்றைக் கிளிப்பில் தொங்கி ரயரில் உரசிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு கிளிப்பும் வழியில் எங்கேயோ சேற்றுக்குள்.

காரணம் அளந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. உறையும் தகடும் சேர்ந்து 3 மிமீ. பழைய கிளிப் அந்தத் தடிப்புக்குச் செய்தது, புதியதும் அப்படித்தான். இடையில் நான் வைத்த தட்டி 4 மிமீ. 3 மிமீக்குச் செய்த கிளிப்பை 7 மிமீயில் குத்தினால் கால்கள் மறுபக்கத்துக்கு வந்து சேராது. துளைக்குள்ளேயே நெரிபட்டுக்கொண்டு நிற்கும். வெளியே பார்த்தால் தொப்பி ஒழுங்காகப் படிந்திருக்கும். நாலு குலுக்கலில் கழன்றுவிடும்.

ஆகவே முதலில் வேண்டியது இந்த அளவுக்கு ஒரு பெயர். துளையின் விட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆணி எவ்வளவு தடிப்பைப் பிடிக்கும் என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. 'பிடிதடிப்பு' என்று வைப்போமா? கைநூலில் 'துளை 8, பிடிதடிப்பு 7' என்று இரண்டே எண்ணில் எழுதிவிடலாம்.

அடுத்தது கிளிப். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு துண்டு. ஒன்றுக்கு மேலே தொப்பி, கீழே பிளந்த கால்கள். மற்றது நடுவில் இறங்கும் ஊசி. ஊசி மேலே நிற்கும்வரை கால்கள் ஒடுங்கியிருக்கும், துளைக்குள் இலகுவாகப் போகும். ஊசியை அழுத்தினால் கால்கள் விரிந்து மறுபக்கத்தில் கவ்வும். 'அழுத்தாணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கையின் வேலையைச் சொல்கிறதே தவிர ஆணியின் வேலையைச் சொல்லவில்லை. சுவரில் படம் குத்தும் ஊசியும் அழுத்தாணிதான். 'விரியாணி' என்று நானே ஒன்று யோசித்தேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எல்லோருக்கும் பசி வந்துவிட்டது.

பிறகு கோடாலிக்குப் பிடி போடும்போது பொறி தட்டியது. பிடியின் நுனியில் ஒரு வாள்வெட்டு. அதைக் கோடாலிக் கண்ணுக்குள் செலுத்தி, வெட்டுக்குள் வைரக்கட்டை ஆப்பு ஒன்றை அடிக்கிறோம். நுனி விரிந்து கண்ணை நிறைத்துக்கொள்கிறது. இந்தப் பிளாஸ்டிக் சாமான் செய்வதும் அட்சரம் பிசகாமல் அதைத்தான். ஆகவே 'ஆப்பாணி' என்கிறேன். கழற்றும் விதமும் பெயரிலேயே வந்துவிடுகிறது: முதலில் ஆப்பைக் கிளப்பு, பிறகு ஆணியை இழு. எங்கள் பையன்கள் தொப்பியைக் குறட்டால் பிடித்து நேரே இழுத்து, காலை உள்ளே முறித்துவிடுகிறார்கள்.

வவுனியாவிலிருந்து:

தம்பி, 'பிடிதடிப்பு' நன்று, அதற்கு மறுப்பில்லை. 'ஆப்பாணி'யில் எனக்கு இரண்டு தயக்கம். இளம்பிள்ளைகளின் வாயில் 'ஆப்பு வைப்பது' வேறு அர்த்தத்தில் ஓடுகிறது, வகுப்பில் சிரிப்பார்கள். சிரித்தால் மறக்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லுவீர்கள், சரி, விட்டுவிடுகிறேன். மற்றது, ஆப்பு என்றால் பிளப்பது என்ற நினைப்புத்தான் முதலில் வரும். உங்கள் கோடாலி உதாரணத்தைப் படத்தோடு போட்டால் அது தீரும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்த பிள்ளைக்குக் கழற்றும் ஒழுங்கு தனியே சொல்லவும் வேண்டாம். அந்தக் குரங்கும் முதலில் ஆப்பைத்தான் இழுத்தது, வாலை வைத்த இடம்தான் பிழை.

திருகாணி, சுரை, தறையாணி (ரிவெட்) ஆகியவை நமக்கு ஏற்கெனவே உண்டு, புதிதாகத் தேடவேண்டாம். சுரையைப் பிள்ளைகள் 'நட்டு' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களின் தாய்மார் தோட்டுச் சுரை கழன்று விழுந்தால் விளக்குமாறும் ரோச்சுமாக வீட்டையே புரட்டுகிறார்கள். சொல் காதோடு ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. கராச்சுக்குள் கொண்டுவருவதுதான் பாக்கி.

மடித்த சிறு தகட்டுத் துண்டை விளிம்பில் செருகி, அதற்குள் தகரத் திருகாணியை முறுக்குகிறோமே, அதற்கு நீங்கள் 'மடிசுரை' என்று வரைவில் எழுதியிருக்கிறீர்கள். பழந்தமிழில் சுரை என்றால் பசுவின் மடி. மடிசுரை என்றால் மடிமடி. பால் கறக்கலாம். 'செருகுசுரை' என்று மாற்றுங்கள்.

நைலோன் வளையம் வைத்த சுரைக்குக் 'கழராச்சுரை' என் பரிந்துரை.

முல்லைத்தீவிலிருந்து:

ஐயா, கோபிக்கவேண்டாம். நான் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவள். 'கழராச்சுரை' என்று பெட்டியில் எழுதி ஒட்டினால், கழன்ற அன்று ஆள் பெட்டியோடு வந்து நிற்பார். அந்த நைலோன் இறுக்கம் நாலைந்து தடவை கழற்றிப் பூட்டினால் தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு அதுவும் வெறும் சுரைதான். 'நைலோன் சுரை' என்றே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டுமென்று யார் அழுதது?

தம்பி விட்ட ஒன்று உண்டு. எல்லாக் கிளிப்பிலும் ஊசி கிடையாது. ஒரே துண்டாக, தண்டு முழுக்கச் சரிந்த பற்களோடு ஒரு வகை வரும். குத்தினால் போகும், இழுத்தால் வராது. கதவின் உட்பலகையில் அதிகம். அதை ஆப்பாணி என்று சொல்ல முடியாது, ஆப்பே இல்லையே. பனைமட்டையின் கருக்கை நினைத்துக்கொண்டு 'கருக்காணி' என்று வைக்கலாமா? ஒரு பக்கமாகத் தடவினால் பேசாமல் இருக்கும், மறுபக்கமாகத் தடவினால் கையைக் கிழிக்கும். இவற்றில் சிலதற்குப் பல் எட்டு, பத்து இருப்பதால் பிடிதடிப்பு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் எந்தப் பல்லாவது பிடித்துக்கொள்ளும். ஆனால் தட்டிக்கு அதைக் குடுக்கமாட்டேன். சேறு காய்ந்து ஒட்டினால் தட்டியின் பாரமே இரண்டு மடங்காகிவிடும், காரைப் பின்பக்கம் எடுக்கும்போது வரம்பில் மிதிபட்டால் ஒரே இழுவை.

இன்னொன்று, கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு நாகம் (சிங்க்) பூசிய ஆணி இரண்டு மாரிக்குத் தாங்காது. கறையில் உருக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆணி வாங்கச் சொல்லுங்கள். அதை நேரே பெயின்ற் போன தகட்டில் இறுக்கினால் ஆணி பளபளவென்று இருக்கும், சுற்றியுள்ள தகடு தின்னுப்பட்டுப் போகும். துளை வெட்டியதும் அதன் விளிம்பில் கறல் தடுக்கும் பெயின்ற் பூசி, காயவிட்டு, பிறகு பூட்டவேண்டும். இதைச் சொன்னால் அவசரத்தில் யாரும் கேட்பதில்லை.

மீண்டும் கிளிநொச்சி:

அக்கா, கருக்காணிக்கு மறுபேச்சே இல்லை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மடிசுரையும் போயிற்று. ஐயாவின் செருகுசுரை உள்ளே.

பின் தட்டிகளை நேற்றுப் பூட்டினேன். ஆப்பாணி ஒன்றும் வைக்கவில்லை. தட்டி தொங்கும் பாரத்தை ஆணி தாங்கவேண்டிய இடத்தில் 6 மிமீ மரையாணி (போல்ற்), 10 நம்பர் சாவி பிடிக்கும் அளவு. தட்டியின் பக்கம் அகலமான வாசர் ஒன்று, இல்லாவிட்டால் ஆணித்தலை இறப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பின்னால் நைலோன் சுரை. தலை ரயரைப் பார்த்தபடி, வால் மறுபக்கம். முதலில் மாறித்தான் போட்டேன். வால் 1 செமீ நீண்டு ரயருக்கு நேரே நின்றது, பார்த்தவுடன் கழற்றினேன். முன் தட்டிக்கு ஸ்ரேரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, இடையில் கை நுழைகிறதா என்று பார்த்தேன். முன் தட்டியின் மேல் துளையில் மட்டும், பிடிதடிப்பு 7 உள்ள ஆப்பாணி.

கை எட்டாத பெட்டிப்பகுதியில் பின்னால் சுரையைப் பிடிக்க முடியாது. அங்கே உடல் இறப்பரும் உள்ளே பித்தளை மரையுமாக ஒரு சாமான் போட்டேன். ஆணியை முறுக்க முறுக்க இறப்பர் உள்ளே புடைத்துக் கவ்வுகிறது, தகட்டில் மரை வெட்டவும் தேவையில்லை, தண்ணீரும் இறங்காது. அதற்குப் 'புடைசுரை' என்று எழுதியிருக்கிறேன். ஐயா, இதற்கும் பழந்தமிழில் ஏதாவது வில்லங்கம் இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லிவிடுங்கள், கைநூல் அச்சுக்குப் போகிறது.