ரவுண்டானாவில் சைக்கிள் ஓரமாகப் போகலாமா, நடுவிலா?

வேலன்_சக்கரம் (கேள்வி):
வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் சாலை, ஒரே லேன் உள்ள ரவுண்டானா. நேராகப் போக வேண்டும். இடது ஓரத்தை ஒட்டிச் சுற்றினால், வெளியேறும் கார்கள் முன்சக்கரத்தை உரசுகிற மாதிரி வெட்டித் திரும்புகின்றன. நடுவில் போனால் பின்னாலிருந்து ஹாரன். எது சரி? சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் பயிற்சி வகுப்பு தேவையா?

மிதிகட்டை:
நடுவில்தான். நுழையக் காத்திருக்கும் ஓட்டுநரின் கண் கார் வரக்கூடிய இடத்தைத்தான் தேடும். ஓரத்தில் வரும் சைக்கிள் அதில் படாது. வெளியேறும் கார் வெட்டுவதும், நீங்கள் ஒதுங்கி அதற்கு இடம் கொடுப்பதால்தான்.

வட்டத்துக்கு 30 மீட்டர் முன்பே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் கைகாட்டி லேனின் நடுவுக்கு வந்து, கையை இறக்கிவிடுங்கள். கியரையும் அங்கேயே குறைத்துவிட வேண்டும். நின்று கிளம்பும்போது மிதிக்கக் கனமாக இருந்தால் கிடைத்த இடைவெளி போய்விடும். வலப்பக்கமிருந்து வருபவர்களுக்கு வழிவிட்டு நுழையுங்கள். நீங்கள் போக வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைக் கடந்ததும் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது கை, வெளியே. வளைவு இறுக்கமாக இருந்தால் கைகாட்டாமல் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வதே மேல்.

இருசக்கரம்:
ஒரே லேனுக்கு இது சரி. இரண்டு மூன்று லேன்களில் வண்டிகள் வேகமாகச் சுற்றும் இடம் என்றால் இறங்கி, ஜீப்ரா கிராஸிங் வழியாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

லாரி, பஸ்ஸின் பக்கவாட்டில் மட்டும் எப்போதும் போகாதீர்கள். திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். அங்கே சைக்கிள் இருந்தால் தப்ப இடமே இருக்காது. பின்னாலேயே இருங்கள். மழையில் வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, சிந்திய டீசல் மேல் சாய்ந்தபடி பிரேக் பிடித்தால் சறுக்கும். வேகத்தை வட்டத்துக்கு முன்பே குறைத்துவிடுங்கள்.

நேர்கோடு:
பயிற்சி கட்டாயம் தேவை. ஓட்டத் தெரிந்த பலருக்கும் வண்டி கோணாமல் திரும்பிப் பார்க்க வராது. காலி மைதானத்தில் 20 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, அதன் மேல் ஓட்டுங்கள். பின்னால் நிற்பவர் காட்டும் விரல்களை, ஒரு சாண் கூட விலகாமல் எண்ணிச் சொல்ல முடிகிறதா? முழங்கை விறைப்பாக இருந்தால் உடம்பு திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பும். முழங்கையைத் தளர்த்தி, மோவாயைத் தோள்பட்டைக்குக் கொண்டுபோங்கள், சரியாகும். பிறகு ஒரு கையை எடுத்து அதே கோட்டில் ஓட்டுங்கள்.

பிரிட்டனின் பைக்கபிலிட்டி பயிற்சியும் இப்படித்தான்: முதல் நிலை போக்குவரத்து இல்லாத இடம், இரண்டாவது அமைதியான சாலை, பரபரப்பான சாலைகளும் சிக்கலான ரவுண்டானாக்களும் மூன்றாவதில்தான். இந்த வரிசையை மாற்றி, எடுத்தவுடன் ரவுண்டானாவில் பழகினால் பயம்தான் படியும்.

வேலன்_சக்கரம்:
நன்றி. ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கினால்?

மிதிகட்டை:
வட்டத்துக்குள் ஒதுங்காதீர்கள். ஒதுங்கினால் அதே இடைவெளியில் முந்தப் பார்ப்பார்கள். வெளியேறி, சாலை அகன்றதும் பின்னால் பார்த்துவிட்டு இடப்பக்கம் வந்து வழிவிடுங்கள்.