மின்னஞ்சல் அனுப்புநரை உறுப்பினர் பதிவோடு பொருத்துவதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலுள்ள எங்கள் தென்னை விவசாயிகள் சங்கத்துக்கு வரும் மின்னஞ்சல்களை, அனுப்புநர் முகவரியைக் கொண்டு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் உள்ள உறுப்பினர் பதிவுகளோடு தானாக இணைக்கும் நிரலைப் பைத்தானில் எழுதி வருகிறேன்.

முகவரியைச் சிறிய எழுத்துகளாக்கி, ஜிமெயில் முகவரி என்றால் மட்டும் புள்ளிகளையும் கூட்டல் குறிக்குப் பின் வருவதையும் நீக்கி ஒப்பிடுகிறேன். ஒருவருக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்பதால் அவற்றைத் தனி அட்டவணையில் வைத்திருக்கிறேன். இதுவரை குறையில்லை.

ஒரே முகவரியைப் பலர் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. தந்தைக்கும் மகளுக்கும் ஒரே முகவரி இருக்கிறது. அரசின் இணையவழிச் சேவைகளைப் பெற உதவும் அக்ஷயா மையத்திலிருந்து ஊரார் பலருக்காக ஒரே முகவரியில் மடல் வருகிறது. பெயரைத் துணைக்கு வைத்துப் பார்க்கலாம் என்றால், பதிவேட்டில் மலையாளத்திலும், மடலின் தலைப்பகுதியில் ஆங்கிலத்திலும், கையொப்பத்தில் தமிழிலும் இருக்கும் பெயரில் தலைப்பெழுத்து சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் வருகிறது. பழனிசாமிகளோ தெருவுக்கு இருவர். இந்த மூன்று மொழி எழுத்துகளிலும் உள்ள பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றிய பின் லெவன்ஷ்டைன் தொலைவால் (ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கையால்) ஒப்பிட்டவர்கள் யாரேனும் உண்டா? எந்தப் பைத்தான் நிரல் நூலகம் பயன்பட்டது, எவ்வளவு வேறுபாடு வரை ஏற்றீர்கள்?

உறுப்பினரின் கடன் நிலுவை விவரம் பதில் மடலில் போவதால், தவறாகப் பொருந்துவதைவிடப் பொருந்தாமல் நிற்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அனுப்புநர் முகவரியைப் போலியாக இடுவது எளிது; ஆகவே அந்த முகவரியின் தளத்திலிருந்தே மடல் வந்ததா எனச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாத மடல்களை ஊழியரின் பார்வைக்கு ஒதுக்குகிறேன். பலர் பகிரும் முகவரிகளுக்கும் அதையே செய்வதா, உறுப்பினர் எண்ணைத் தலைப்பில் கட்டாயமாக்குவதா என்பதில் உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன். எங்கள் உறுப்பினர்களில் முதியவர்களே மிகுதி என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்டுங்கள்.